மதினி ஒதுக்கிய ஒன்பது கட்டங்கள்

எல்லாவற்றையும் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். அன்று வெள்ளிக்கிழமை என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமை என்கிறாள் முருகேஸ்வரி. மதினி முதலில் நகர்த்தியது எந்தத் துண்டு, அப்போது செந்தில்முருகன் கட்டிலருகே நின்றானா ஜன்னலருகே நின்றானா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிவிடுவேன். ஆனால் ஒன்பது என்ற எண் மாறாது. முப்பத்தாறில் ஒன்பது. அந்த ஒன்பதையும் தைத்தவள் நான்.

மதினி என்பது என் அண்ணன் மனைவி அருணாசலவடிவு. அண்ணனுக்கு ஆறுமுகநேரியில் உப்பளம் இருந்தது. அவன் இறந்த பிறகு தூத்துக்குடி வீட்டில் மதினி தனியாக இருந்தாள். ஒரே மகன் செந்தில்முருகன் சென்னையில் வேலை. ஒருநாள் கைபேசியில் ஒரு வெளிநாட்டுக்காரி நல்ல துணியைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டி, அதையே மறுபடி ஒட்டித் தைத்துப் போர்வையாக்குவதைப் பார்த்திருக்கிறாள். குயில்ட் என்று அதற்குப் பெயர். இரண்டு வருடத்தில் மதினியே ஐந்து போர்வை தைத்துவிட்டாள். "முழுத்துணிய எதுக்கு வெட்டணும், பொறவு எதுக்கு ஒட்டணும்?" என்று நான் கேட்டபோது பதில் சொல்லவில்லை. அவள் பல கேள்விகளுக்குப் பதில் சொல்லமாட்டாள். எனக்கும் அது பிடிக்கும். இருவரும் ஒரு மதியம் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருப்போம்; அவள் தைப்பாள், நான் ஏதாவது படித்துக்கொண்டிருப்பேன்.

ஆறாவது போர்வையை நான்கு பேராகத் தைக்கலாம் என்றாள். மதினி, நான், ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் முருகேஸ்வரி, கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கும் இந்துமதி. ஒரே துணியை எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தாள்: வெள்ளை, சாம்பல், செங்காவி, நீலம், கொஞ்சம் இளஞ்சிவப்பு. வெள்ளிக்கிழமைதோறும் என்ன அளவில் வெட்ட வேண்டும், எதோடு எதைச் சேர்க்க வேண்டும் என்று அனுப்புவாள். முடிவில் என்ன படம் வரும் என்பதை மட்டும் சொல்லமாட்டாள். இதற்கு மர்மக் குயில்ட் என்று பெயராம்.

"பேரக் கேட்டா பேய்ப்படம் மாரில்லா இருக்கு" என்றாள் முருகேஸ்வரி.

"எங்க ஆபீஸ்லயும் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பாக்காமலே பேப்பர் போடுதோம். அது மாரிதான்க்கா" என்றாள் இந்துமதி.

நான் மட்டும் விடவில்லை. "படத்தச் சொல்லிருங்க மதினி. தெரிஞ்சா இன்னும் நல்லாத் தச்சிருவேன்."

"ஏளா, சொன்னா படத்தப் பாத்துத் தைப்ப. அளவப் பாத்துத் தைக்கமாட்ட."

ஆளுக்கு ஒன்பது கட்டம். ஒவ்வொரு கட்டமும் பன்னிரண்டரை இஞ்ச் சதுரம். சேர்த்துத் தைக்கும்போது நாலு பக்கமும் கால் இஞ்ச் உள்ளே போய்ப் பன்னிரண்டு நிற்கும். எங்கள் கணக்கில் இஞ்சுக்கு எட்டு நூல். கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். தையல் அந்த இரண்டு நூலைத் தாண்டக் கூடாது. மதினி திரும்பத் திரும்பச் சொன்னது அது ஒன்றைத்தான்.

நான் தூத்துக்குடி மட்டக்கடைப் பகுதியில் இருபத்திரண்டு வருடமாக ரவிக்கை தைக்கிறவள். ரவிக்கை தைக்கிறவள் கை எப்போதும் தையலுக்கு அப்புறம் துணி விடும். இந்தத் தீபாவளிக்குத் தைத்தது அடுத்த தீபாவளிக்கு இறுக்கும்; அப்போது பிரித்து விடுவதற்கு உள்ளே துணி இருக்க வேண்டும். உள்ளே துணி விடாத தையல்காரியை எங்கள் ஊர்ப் பெண்கள் இரண்டாம் முறை தேடி வரமாட்டார்கள். அந்தப் பழக்கம் என்னைக் கேட்காமலே மதினியின் துணியிலும் வேலை செய்தது. இரண்டு நூல் பிடிக்க வேண்டிய இடத்தில் இரண்டரை பிடித்திருந்தேன். அரை நூல் என்றால் ஒரு கடுகின் அகலம். ஆனால் ஒரு தையலில் இரண்டு துணி சேர்கிறது. அரையும் அரையும் ஒரு நூல். கட்டத்தின் குறுக்கே மூன்று தையல். என் கட்டங்கள் ஒவ்வொன்றும் மூன்று நூல் குறைந்திருந்தன.

ஒன்பதையும் முடித்த பிறகுதான் அளந்து பார்த்தேன். அளக்காமல் தைப்பதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அத்தனை தையலையும் பிரிக்க வேண்டும் என்று தோன்றியதுமே கூடவே இன்னொன்றும் தோன்றியது. துணிக்குக் கஞ்சி போட்டுத் தேய்க்கச் சொல்லியிருந்தாள் மதினி. எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். நான் கஞ்சியைக் கொஞ்சம் கெட்டியாக வைத்து, ஈரத்திலேயே கட்டத்தை நாலு மூலையும் இழுத்துப் பிடித்து இஸ்திரிப்பெட்டியை அழுத்தினேன். மூன்று நூலும் வந்துவிட்டது. ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். பன்னிரண்டரை. "செல்வி தச்சா அளவு தப்புமா" என்று முருகேஸ்வரி பதில் போட்டாள். மதினி ஒன்றும் போடவில்லை.

கட்டங்களை எப்படி அடுக்க வேண்டும் என்ற கடைசிக் குறிப்பு அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வர வேண்டியது. வியாழக்கிழமை காலை மதினி குளியலறையில் விழுந்துவிட்டாள். மூளையில் அடைப்பு. வலது பக்கம் போயிற்று, பேச்சு போயிற்று. இரண்டு மாதத்துக்குப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் கூப்பிட்டால் திரும்பமாட்டாள், தலையசைக்கச் சொன்னால் அசைக்கமாட்டாள். அவளுக்கு விளங்குகிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள் மருத்துவர்கள்.

செந்தில்முருகன் லீவு போட்டுக்கொண்டு வந்து பார்த்தான். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தான், அவன் சிறு வயதுப் படத்தைக் காட்டினான். ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னான்: "அத்தை, அம்மாவுக்கு நான் யாருன்னே தெரியல. சென்னையில ஒரு ஹோம் பாத்திருக்கேன். இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் உண்டு. வீட்டப் பூட்டிரலாம்னு இருக்கேன்."

"உங்கம்மா ஊர விட்டு இருக்கமாட்டாவ லே."

"எந்த ஊர்ல இருக்கோம்னு தெரிஞ்சாத்தான அத்தை?"

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குத் தெரிகிறது என்று சொல்ல என்னிடம் மட்டும் என்ன இருந்தது? அவன் அழைத்துப் போவதற்கு இரண்டு நாள் முன்பு, நாங்கள் மூவரும் கட்டங்களை ஒப்படைக்கப் போனோம். துணி அவளுடையது, அவளுடனே போகட்டும் என்று இந்துமதிதான் சொன்னாள்.

கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து, சாப்பாட்டுப் பலகையை மடிக்கு மேலே வைத்திருந்தார்கள். மதினி முன்பே தைத்து வைத்திருந்த ஒன்பதையும் எங்கள் இருபத்தேழையும் இந்துமதி சேர்த்து, எது யாருடையது என்று பாராமல் ஒரே அடுக்காகப் பலகையில் வைத்தாள். ஒரே துணி, ஒரே கஞ்சி. மேலே பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

மதினியின் இடது கை அடுக்கின் மேல் வந்தது. முதலில் வெறுமனே கிடந்தது. பிறகு மேல் கட்டத்தைப் புரட்டி, பெருவிரலைத் தையலின் உட்புற மடிப்பில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனாள். நுனிவரை போய், அதை இடப்பக்கம் வைத்தாள். அடுத்தது. இடப்பக்கம். மூன்றாவதா நாலாவதா, ஒன்றைத் தடவி, நின்று, மறுபடி தடவி, பலகைக்கு வெளியே தள்ளினாள். அது தரையில் விழுந்தது.

"சும்மா தள்ளுதாங்க அத்தை. நேத்து டம்ளரையும் இப்படித்தான் தள்ளிவிட்டாங்க" என்றான் செந்தில்.

நான் குனிந்து எடுத்தேன். என் கை தைத்தது எனக்குத் தெரியாதா. அதைக் காலடியில் வைத்துவிட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று விழுந்தது. அதுவும் என்னுடையது. எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இருபத்தேழு இடப்பக்கம் சீராக அடுக்கப்பட்டன. ஒன்பது என் காலடியில் கிடந்தன. ஒன்றுகூட மாறவில்லை.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது சிலருக்கு அப்படி வரும் என்பார்கள், எனக்கு வந்ததில்லை. அன்று வந்தது. ஆஸ்பத்திரியில் எத்தனையோ கருவி வைத்துத் தேடியும் கிடைக்காதவள், ஒரு கடுகளவு இடைவெளிக்குள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அது எனக்கு மட்டும்தான் தெரியும். மற்ற மூவருக்கும் அது நோயாளி தள்ளிவிட்ட துணி. நான் வாயைத் திறக்காவிட்டால் மறுநாளுக்கு மறுநாள் அவளைக் கொண்டுபோய்விடுவார்கள்.

"செந்திலு, அந்த ஒம்பதும் நான் தச்சது" என்றேன். "அளவு தப்புனது. இழுத்துத் தேச்சு அளவு வரவச்சேன். யாருக்கும் சொல்லல."

முருகேஸ்வரி வாயில் கை வைத்தாள். "ஏளா! ஊருக்கே அளவெடுக்கவ, ஸ்கேலையே ஏமாத்திட்டியே."

"அத்தை, அம்மாவக் கொண்டுபோகக் கூடாதுன்னு சொல்லுதீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான் செந்தில். அவனைத் தடுக்க நான் கதை கட்டுகிறேன் என்று நினைத்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

"தண்ணி தெளிச்சுப் பாரு."

அவன் தரையிலிருந்து ஒன்றையும் அடுக்கிலிருந்து ஒன்றையும் எடுத்தான். இரண்டிலும் தண்ணீர் தெளித்து, இழுக்காமல் மின்விசிறிக்குக் கீழே விரித்தான். கஞ்சி இளகியதும் துணி தன் இடத்துக்குப் போகும். காய்ந்த பிறகு மதினியின் கண்ணாடி ஸ்கேலை அவனே வைத்தான். அடுக்கிலிருந்து எடுத்தது பன்னிரண்டரை. தரையிலிருந்து எடுத்தது மூன்று நூல் குறைவு. நம்பாமல் இன்னும் இரண்டை எடுத்துத் தெளித்தான். பிறகு இன்னும் இரண்டு. கடைசியில் ஸ்கேலைக் கையில் வைத்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா" என்றான். மதினி திரும்பவில்லை. இடது கையை அவன் பக்கம் நீட்டினாள். அவன் பிடித்துக்கொள்ளப் போனான். அவள் அவன் கையிலிருந்த ஸ்கேலை வாங்கி அடுக்கின் மேல் நேராக வைத்தாள்.

ஒன்பதையும் பிரித்தேன். அகலமாகப் பிடித்த துணி உள்ளேயே இருந்ததால், ரவிக்கையைப் பிரித்து விடுகிற மாதிரி அரை நூல் விட்டு மறுபடி தைத்தேன். அளவு வந்தது. பழைய ஊசித்துளைகள் மட்டும் துணியின் முகத்தில் வரிசையாகத் தெரிந்தன. மதினி விரலால் தடவினாள். இந்த முறை தள்ளவில்லை.

செந்தில் டிக்கெட்டை ரத்து செய்தான். கடைசிக் குறிப்பு இல்லாததால் அடுக்குவதற்கு நாலு நாள் ஆயிற்று. கூடத்துத் தரையில் நாங்கள் ஒரு கட்டத்தை வைப்போம். சக்கர நாற்காலியில் இருந்து மதினி பார்ப்பாள். சரியில்லையென்றால் இடது கை பலகையைத் தட்டும். சரியென்றால் ஒன்றும் செய்யமாட்டாள். முப்பத்தாறாவதை வைத்தபோது தட்டவில்லை. ஆனால் எங்களுக்குப் படம் தெரியவில்லை. வெள்ளையும் காவியும் நீலமுமாகக் கட்டங்கள், குறுக்கே சிறு முக்கோணங்கள், அவ்வளவுதான்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு?" என்று முருகேஸ்வரி முணுமுணுத்தாள்.

மதினி கையைத் தூக்கி மாடிப்படியைக் காட்டினாள். அதுவரை அவள் எதையும் காட்டியதில்லை. நாங்கள் நால்வரும் ஏறி, மேல்படியில் நின்று குனிந்து பார்த்தோம்.

உப்பளம். பாத்தி பாத்தியாக, தண்ணீர் பாய்ச்சிய பாத்தி சாம்பலாக, முற்றிய பாத்தி காவியாக, உப்பு இறங்கிய பாத்தி வெள்ளையாக, ஓரத்தில் கடல். அதன் மேலே மூலைக்கு மூலை இளஞ்சிவப்பு முக்கோணங்கள் ஒன்றின் நுனி இன்னொன்றின் நடுவைத் தொட்டபடி, ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு நில்லாமல் பறந்துகொண்டிருந்தன. மழைக்குப் பிறகு வருகிற பூநாரைகள். ஆயிரம் தடவை ஆறுமுகநேரிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறேன். பஸ் ஜன்னலுக்கு உப்பளம் வெறும் வெள்ளைக் கோடு. இது வேறு. அரை நூல் பிசகியிருந்தால் ஒவ்வொரு பறவைக்கும் மூக்கு வெட்டுப்பட்டிருக்கும் என்று அப்போதுதான் விளங்கியது.

செந்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்தான். பிறகு, "பிளேன் எறங்கும்போது இப்படித்தான் தெரியும்" என்றான். "ஒவ்வொரு தடவை வரும்போதும் ஜன்னல் வழியாப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்புவேன். எறங்கிட்டேன்னு சொல்லுததுக்கு."

கீழே மதினி எங்களைப் பார்க்கவில்லை. போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. மதினி அதே வீட்டில் இருக்கிறாள். பேச்சு வரவில்லை, வலது கையும் வரவில்லை. செந்தில்முருகன் வீட்டோடு ஒரு நர்ஸை வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை வந்து ஒரு வாரம் அங்கிருந்தே வேலை செய்கிறான். இந்துமதிக்குக் கொச்சிக்கு மாற்றலாயிற்று. முருகேஸ்வரி குயில்ட் தைப்பதை விட்டுவிட்டாள். போர்வை செந்தில்முருகனின் கட்டிலில் கிடக்கிறது. என் ஊசித்துளைகள் அதில் இன்னும் இருக்கின்றன. நான் மட்டக்கடையில் ரவிக்கை தைக்கிறேன், உள்ளே துணி விட்டுத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதினி வீட்டுக்குப் போய், குயில்ட்டுக்குத் தைக்கிற துண்டுகளை அவள் விரலுக்குக் கீழே வைக்கிறேன்.