கிளிப்பச்சைப் பஞ்சு

பாகராப்பேட்டை மலைப்பாதையில் லாரி இறங்கும்போதுதான் எப்போதும் அது நடக்கும். மதனப்பள்ளித் தக்காளி ஏற்றிய லாரி. முதலில் தக்காளிகள் ஊதாநிறச் சதுரங்களாக மாறும். பிறகு வானத்தின் குறுக்கே கோடுகள் ஓடும். நான் பிரேக்கை அழுத்துவதற்குள் திரை கறுத்துவிடும், பெட்டிக்குள் விசிறி மட்டும் இரைந்து சுற்றும். சற்று நேரத்தில் கேம் தானாக மூடிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் பழைய திரை வந்து நிற்கும்.

எனக்கு அது விளையாட்டல்ல, வேலை. திருப்பதியில் ஒரு சிறிய கம்பெனி அந்த லாரி விளையாட்டைச் செய்துகொண்டிருந்தது. வெளியிடுவதற்கு முன் அதை ஓட்டிப் பார்த்து, எங்கே தடுக்குகிறது, எங்கே படம் சிதைகிறது என்று எழுதி அனுப்ப என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். நகரியில் எங்கள் வீட்டிலிருந்தே செய்யலாம். எனக்கு மேலே ரூபா மேடம். சித்தூர்க்காரர், தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். முதல் நாளே போனில் சொல்லிவிட்டார்.

"நீ எழுதறது நிஜமா இருக்கணும் உதயா. நீ சொன்னேன்னா நாங்க மத்த வேலைய நிறுத்திட்டு அதைத் தேடுவோம். உன் மாட்ட நம்பலாம்னு தெரிஞ்சா வேலை பர்மனென்ட். அந்தே."

மாட்ட என்றால் பேச்சு, அந்தே என்றால் அவ்வளவுதான். பேசாதவன் என்று தெருவில் பெயரெடுத்த எனக்கு, என் பேச்சின்மேல் ஒரு வேலை நிற்கிறது என்பதே புதிதாக இருந்தது. புத்தகத்தோடு ஒரு மூலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் பதில் வராது என்று வீட்டில் சலித்துக்கொள்வார்கள். எனக்காகப் பேசியதெல்லாம் தனசேகர்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படி. வாத்தியார் என்னைக் கேட்டால் தனா பதில் சொல்வான். அவன் வீடு அடுத்த தெரு. அவர்களுக்கும் எங்களைப்போல் தறிதான் தொழில்.

இந்த விளையாட்டுக்கு என் பழைய கிராபிக்ஸ் கார்டு போதாது. டீம் சேர்த்து கேம் மேட்ச் ஆடுகிற தனாவின் கம்ப்யூட்டரில் படம் வழுக்கிக்கொண்டு ஓடுவதை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அதே மாடல் எனக்கும் போதும் என்றேன். "நீ போனேன்னா கடைக்காரன் உன்ன ஏமாத்தி அனுப்பிடுவான் மச்சான். நான் போய்ட்டு வர்றேன்" என்று என் பணத்தை வாங்கிக்கொண்டு அவனே சென்னைக்கு பஸ் ஏறினான். மறுநாள் சாயங்காலம் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். பெட்டி பிரித்திருந்தது. கடையிலேயே போட்டுக் காட்டச் சொன்னேன், அதான் என்றான். எவ்வளவு கவனமாக வாங்கியிருக்கிறான் என்று நான் மகிழ்ந்தேன். அவனே என் பெட்டியைத் திறந்து கார்டைப் பொருத்தினான். அம்மா அவனுக்கு வடை சுட்டுக் கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து ஊதாத் தக்காளிகள் வரத் தொடங்கின.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். கார்டைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்தினேன். கேபிளை மாற்றினேன். விண்டோஸையே அழித்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் சற்று நேரம் நன்றாக ஓடும், நம்பிக்கை வரும். பிறகு மலைப்பாதை.

தனா வந்து பார்த்தான். திரையைப் பார்த்ததைவிட மேலே தொங்கிய டியூப்லைட்டைத்தான் அதிகம் பார்த்தான். பக்கத்துத் தறிச் செட்டில் நைனா, என் அப்பா, தறியை ஓட்டியபோது விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

"பாத்தியா? தறி மோட்டாரு இழுக்குது மச்சான். கார்டு இன்னா பண்ணும் பாவம்? புதுசு வேற, வோல்ட்டு ஆடினா தாங்காது."

"ஸ்டெபிலைசர் கீதேடா."

"அது பிரிட்ஜுக்குப் போடுற ஸ்டெபிலைசரு. நான் சொல்றத கேளு. தறி ஓடக்குள்ள கேம் ஓட்டாத."

செட்டுக்கும் என் அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். எங்கள் பேச்சு நைனாவின் காதில் விழுந்திருக்கிறது. மறுநாள் காலை நான் வேலைக்கு உட்கார்ந்தபோது தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"எதுக்கு நைனா நிறுத்திட்டே?"

"நீ வேலய பாரு. நான் சாயங்காலம் ஓட்டிக்கிறேன்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தறிதான் மகனின் வேலையைக் கெடுக்கிறது என்ற வெட்கம் அவர் குரலில் இருந்தது.

அமைதியை விரும்புகிறவன் நான். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்துக்குள் வளர்ந்து, ஒரு பக்கம் படிப்பதற்குக்கூட ஏரிக்கரைக்குப் போனவன். இப்போது வீட்டுக்குள்ளேயே அமைதி இருந்தது. அதில் உட்கார முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நைனா நின்ற தறியின் முன் சும்மா உட்கார்ந்திருப்பதும், பாவு இழைகளைக் கையால் தடவுவதும், எழுந்து தண்ணீர் குடிப்பதும் தெரிந்தது. அம்மா கரண்டியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தாள்.

அந்த அமைதியிலும் தக்காளிகள் ஊதாவாயின.

"உங்க தறி நின்னா போதுமா? உங்க தெரு பூரா ஒரே டிரான்ஸ்பார்மரு" என்றான் தனா. "எதுக்கும் மாமாவ ராத்திரியில மட்டும் ஓட்டச் சொல்லு."

அதையும் நைனா கேட்டு நடந்தார்.

என் எழுத்து மட்டும் திருப்பதிக்குப் போய்க்கொண்டிருந்தது. மலைப்பாதையில் படம் சிதைகிறது. தக்காளியின் நிறம் மாறுகிறது. ஒட்டுமொத்தமாக நின்றுவிடுகிறது. இதற்கு நடுவே பாகாலா ரயில்வே கேட்டில் லாரியைப் பின்னுக்கு எடுத்தால் பின்சக்கரம் தரைக்குள் இறங்குகிறது என்றும் எழுதியிருந்தேன். ரூபா மேடம் கூப்பிட்டார்.

"உதயா, நாக்கு ராலேதய்யா. எனக்கு இங்க வரவே இல்ல. எல்லா மெஷின்லயும் போட்டுப் பாத்தோம். உன் கார்டு செகண்ட்ஹேண்டா?"

"இல்ல மேடம். புதுசு."

"நிஜங்கா?"

"என் பிரெண்டு நேரா கடைக்குப் போயி, போட்டுப் பாத்து வாங்கினு வந்தான் மேடம். கார்டுல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. கேம்லதான்."

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு உறுதியாகப் பேசியது அதுதான் முதல் முறை.

"சரே. உன்ன நம்பறேன். பசங்கள மறுபடி தேடச் சொல்றேன்" என்றார். வெளியீட்டைத் தள்ளிவைத்துவிட்டு அவர்கள் கேமில் இல்லாத ஒரு தவறைத் தேடினார்கள்.

எல்லாவற்றையும் சோதித்தவன், ஒன்றை மட்டும் சோதிக்காமல் விட்டிருந்தேன். அன்று மத்தியானம் சூடு காட்டும் எண்ணைத் திரையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு லாரியை ஓட்டினேன். மலை ஏறுவதற்கு முன்பே எண் ஏறியது. புதிய கார்டு இப்படிக் கொதிக்கக் கூடாது. விசிறி சரியாக உட்காரவில்லையோ என்று நினைத்தேன். கார்டைக் கழற்றி மேசைமேல் வைத்து, விசிறியின் மூடியைப் பிடித்திருந்த திருகுகளைத் திருகினேன்.

மூடி வந்தது. உள்ளே தகடுகளுக்கு நடுவே பஞ்சு.

நகரியில் பஞ்சை யாரும் அழுக்காக எண்ணுவதில்லை. அது புருவத்தில் இருக்கும், சோற்றில் இருக்கும், சாமி படத்தின் மேல் இருக்கும். எங்கள் கண் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நானும் ஊதித் தள்ளிவிட்டு மூடியிருப்பேன். ஆனால் ஊதினால் போகிற பஞ்சல்ல அது. சூட்டில் இறுகிக் கம்பளித் துண்டுபோல் படிந்திருந்தது. சில வாரங்களில் அப்படிப் படியாது.

அதன் நிறம் கிளிப்பச்சை.

எங்கள் செட்டில் எப்போதும் வெள்ளை வேட்டிதான் ஓடும். வேறு நிற நூல் எங்கள் செட்டுக்குள் வந்ததே இல்லை. கிளிப்பச்சைச் சேலை ஓடுவது தனாவின் செட்டில். அவன் கம்ப்யூட்டர் இருப்பது அந்தச் செட்டுக்குள்ளேயே, இடுப்புயரத் தடுப்புச் சுவருக்குப் பின்னால். ஒரு சிட்டிகையை நகத்தால் பெயர்த்தேன். பச்சைக்கு அடியில் மஞ்சள் இருந்தது. போன வருடம் அவர்கள் மஞ்சள் சேலை ஓட்டினார்கள். என் அத்தை மகள் கல்யாணத்துக்கு அங்கேதான் எடுத்தோம்.

கடையில் புதியதை வாங்கியிருக்கிறான். அதைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டு, செத்துக்கொண்டிருந்த தன் கார்டைத் துடைத்து அந்தப் பெட்டியில் வைத்து என் மடியில் வைத்திருக்கிறான். வெளியில் பளிச்சென்று துடைத்தவன் மூடியைத் திறக்கவில்லை. உள்ளே பஞ்சு இருக்கும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. அவனும் நகரிக்காரன்.

பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாறாக, அவன் டியூப்லைட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற காட்சிதான் திரும்பத் திரும்ப வந்தது. அப்போது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே விளக்கைப் பார்த்திருக்கிறான்.

பழைய கார்டைப் பரணிலிருந்து எடுத்துப் போட்டேன். லாரி தள்ளாடித் தள்ளாடித்தான் ஓடியது, படமும் மங்கல். ஆனால் மலைப்பாதை முழுக்கத் தக்காளி சிவப்பாகவே இருந்தது. ரயில்வே கேட்டில் பின்னுக்கு எடுத்துப் பார்த்தேன். சக்கரம் தரைக்குள் இறங்கியது. அது ஒன்றுதான் நிஜம்.

ரூபா மேடத்துக்கு எழுதினேன். கார்டு புதியதல்ல. கேட்டில் சக்கரம் இறங்குவதைத் தவிர, நான் எழுதிய மற்ற எதுவும் கேமின் தவறல்ல. தேடுவதை நிறுத்திவிடுங்கள். மன்னிக்கவும்.

அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

செட்டுக்குப் போனேன். நைனா தறியோரம் உட்கார்ந்து நூல் தீர்ந்த கண்டுகளைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஓட்டு நைனா."

"உன் வேலை?"

"தறியால இல்ல. கார்டு பழசு."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நெஜமா தறியால இல்லையே?" என்று கேட்டார். யார், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு அது ஒன்று தெரிந்தால் போதுமாக இருந்தது. எழுந்து சுவிட்சைப் போட்டார்.

பகலில் தறிச் சத்தம் கேட்டதும் தனா வந்துவிட்டான். செட்டு வாசலிலேயே நின்று கத்தினான்.

"இன்னா மாமா, தறி ஓடிக்கினு கீது? அவனுக்கு வேலை நேரமாச்சே!"

"தறி மேல தப்பில்லயாம்பா" என்றார் நைனா, தறியின் குறுக்கே நாடா ஓடுவதிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தனா என்னிடம் வந்தான். "கம்பெனிக்காரங்க சரி பண்ட்டாங்களா மச்சான்? நான்தான் சொன்னேனே..."

அவன் கையைப் பிடித்து, பஞ்சை வைத்தேன்.

"இன்னாடா இது?"

"கார்டுக்குள்ள இருந்துது."

"ஊரு பூரா பஞ்சுதானேடா" என்று சிரித்தான். அதற்குள் பார்த்துவிட்டான். சிரிப்பு வாயில் நிற்க, கண் மட்டும் கீழே போனது. பச்சையை விரலால் விலக்கினான். அடியில் மஞ்சள்.

"திருப்பதி மேட்ச் முடிஞ்சதும் மாத்திக் குடுத்துடலாம்னுதான் மச்சான். சத்தியமா. எங்க டீம் செலக்ட் ஆகணும்னா... என்து அப்பப்ப நின்னுடுது. நீ சும்மா டெஸ்ட்டுதானே பண்ற. உனக்கு எதுவா இருந்தா இன்னானு..."

எனக்காகப் பேசிப் பழகியவன், என் பங்கையும் சேர்த்தே பேசிக்கொண்டு போனான். தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. இந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்கள் உதட்டைப் பார்த்தே படித்துவிடுவோம். சின்ன வயதில் செட்டின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலுமாக நின்று, குரலே எழுப்பாமல் மணிக்கணக்கில் பேசியிருக்கிறோம். நான் மனம்விட்டுப் பேசிய பேச்செல்லாம் அப்படித்தான், அவனோடுதான்.

அவன் முகத்தைப் பார்த்து, குரலில்லாமல் கேட்டேன்: தறிய எதுக்குடா நிறுத்தச் சொன்னே?

படித்துவிட்டான். வாய் நின்றது. நைனாவின் முதுகை ஒருமுறை பார்த்தான். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான், உதடு எனக்குத் தெரியாதபடி.

அன்று இருட்டுவதற்குள் புதிய கார்டை ஒரு துணிப்பையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நான் பையைப் பிரிக்கவில்லை. பரணில் இருக்கிறது.

சில நாள் கழித்து ரூபா மேடம் கூப்பிட்டார்.

"ரயில்வே கேட்டு விஷயம் எனக்கும் வந்துது. சக்கரம் இறங்குது. சரி பண்ணிட்டோம்."

"சரிங்க மேடம்."

"மத்ததுக்கு எங்க பசங்க பட்ட பாடு உனக்குத் தெரியாது. உன் மேல கோபம் இல்லய்யா. ஆனா உன் பேச்ச மட்டும் வெச்சு இனிமே எங்க சார்கிட்ட நான் பேச முடியாது. இங்க வந்துடு. என் பக்கத்துல உக்காந்து செய். உனக்கு வந்தது எனக்கும் வந்தா மட்டும் எழுது. கொஞ்ச நாள் போகட்டும், பர்மனென்ட் பத்திப் பாக்கலாம்."

காலை ரயிலில் திருப்பதிக்குப் போனேன். வழியெல்லாம் மடியில் திறந்திருந்த புத்தகம் அதே பக்கத்தில் இருந்தது. புத்தூரில் எதிரே ஏறியவர் எங்கே போகிறாய் என்று கேட்டார். வேலைக்கு என்றேன். நல்ல வேலையா என்றார். தலையாட்டினேன்.

அலுவலகத்தில் ரூபா மேடம் ஒரு நாற்காலியைத் தன் மேசையருகே இழுத்துப் போட்டார். நினைத்ததைவிடச் சின்ன வயது. புதிய கம்ப்யூட்டர். கண்ணாடிப் பக்கத்தின் வழியே உள்ளே கார்டு பளபளத்தது. பட்டனை அழுத்தக் கை நீட்டியவர், நான் உட்காராமல் நிற்பதைப் பார்த்தார்.

"ஏமய்யா?"

"ஸ்க்ரூடிரைவர் ஒண்ணு கிடைக்குமா மேடம்?"

"எதுக்கு? இது புதுசு. நானே பெட்டி பிரிச்சு, நானே போட்டேன்."

"தெரியும் மேடம்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் உட்காரவில்லை. கடைசியில் மேசை இழுப்பறையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.