எஸ்.ஜி. என்ற டேக்

நன்றி சொல்ல வந்த போன்தான் லோஷினிக்கு முதல் எச்சரிக்கை.

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்துச் செனாய் தொழிற்பேட்டையில் அவள் வேலை செய்யும் கம்பெனி, பழ டின்களை நீராவியில் அவிக்கும் பெரிய இரும்புக் கலன்களைச் செய்து விற்கிறது. ஆளுயரம், ஒரு பக்கம் கனத்த மூடி. எல்லோரும் அதை குக்கர் என்றுதான் சொல்வார்கள். அந்த குக்கரை எப்படி ஓட்டுவது, எப்படித் திறப்பது என்று புத்தகம் எழுதுவது லோஷினியின் பிழைப்பு. யாரும் படிக்காத புத்தகம் எழுதுவதற்கு ஒரு சம்பளமா என்று வீட்டில் அவளைக் கேலி செய்வார்கள். இந்த ஒரு தடவையாவது யாரும் படிக்காமல் இருந்திருக்கக் கூடாதா!

மதியம் இரண்டு பத்துக்கு போன் வந்தது.

"வணக்கம்மா. நான் ஐயாசாமி, பெக்கான் நானாஸ் பக்கத்துல அன்னாசி பேக்டரியில குக்கர் ஆப்பரேட்டர். புது புக்கு வந்துச்சுங்க. கடைசிப் பக்கத்துல உங்க நம்பர் இருந்துச்சு, அதான் அடிச்சேன். ரொம்ப ஈஸியா எழுதியிருக்கீங்கம்மா."

இந்த வேலைக்கு வந்து நான்கு மாதத்தில் அவளை யாரும் பாராட்டியதில்லை. லோஷினிக்கு உச்சி குளிர்ந்தது. "ரொம்ப சந்தோஷம்ணே."

"பெரிய நிம்மதி என்னன்னா, அந்த இருவது நிமிஷம் காத்துக்கிட்டு நிக்கிறத எடுத்துட்டீங்க பாருங்க. போன மாசம் டெக்னீஷியன் வந்து குடைஞ்சிட்டுப் போனாரு. மீட்டர் கோளாறு சரியாயிடுச்சு போலன்னு பேசிக்கிட்டோம். பழைய புக்க ரூல்படி கிழிச்சுப் போட்டாச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு மொத லோட்ட புது முறையில இறக்குறோம்."

அவர் வைத்த பிறகும் லோஷினி போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த இருபது நிமிடம்? அவள் எதையும் எடுக்கவில்லையே!

எடுக்கவில்லைதான். ஆனால் அவளுடைய வேலையில் ஒன்றை எடுக்காமலே காணாமல் போக்கலாம். கம்பெனியின் எல்லா குக்கர்களுக்கும், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு மூலக் கோப்பு. அதில் இந்தப் பத்தி இவர்களுக்கு மட்டும், அந்தப் பத்தி அவர்களுக்கு மட்டும் என்று டேக் போட்டு வைத்திருக்கும். ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு நிறம். புத்தகம் தயாரிக்கும்போது எந்தெந்த டேக் வேண்டும் என்று டிக் போட்டால் போதும். டிக் இல்லாத பத்தி புத்தகத்தில் வராது. வராதது மட்டுமா? படிகளின் எண்களும் தாமாகவே மாறிக்கொள்ளும். ஏழுக்கு அடுத்து ஒன்பது என்று வந்தாலாவது படிப்பவன் முழிப்பான். அப்படி வராது. ஏழுக்கு அடுத்து எட்டுதான். நடுவில் ஒன்று இருந்தது என்று எவராலும் சொல்ல முடியாது.

அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் கனகசுந்தரம். இருபத்திரண்டு வருடம் எழுதிவிட்டு ஓய்வு பெற்றுப் போனார். பதினொரு டேக் விட்டுப் போனார், விளக்கம் ஒரு வரி விட்டுப் போகவில்லை. ஊதா நிற டேக்குக்குப் பெயர் எஸ்.ஜி. அதைப் பார்த்த மாத்திரத்தில் லோஷினிக்குப் புரிந்துவிட்டது. ஜொகூரில் பிறந்த யாருக்குத்தான் புரியாது? அவள் குடியிருக்கும் தாமானில் பாதிப் பேர் விடியுமுன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு பாலம் தாண்டுவது எஸ்.ஜி. வேலைக்கு. அவள் அண்ணன் வாங்குவது எஸ்.ஜி. சம்பளம். எஸ்.ஜி. என்றால் சிங்கப்பூர். மலேசியத் தொழிற்சாலைகளுக்கான புத்தகத்தில் சிங்கப்பூர்க்காரனுக்கான பத்தி எதற்கு? டிக்கை எடுத்தாள். புத்தகம் ஒல்லியாக, அழகாக வந்தது. மேனேஜர் கமலநாதன்கூட மெச்சினார்.

இப்போது நான்காம் அத்தியாயத்தைத் திறந்தாள். அவள் அனுப்பிய புத்தகத்தில் இப்படி இருந்தது: ஏழு, அழுத்தமானியின் முள் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருக்கவும். எட்டு, மூடியின் எட்டு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றவும்.

மூலக் கோப்பில் அந்த இரண்டுக்கும் நடுவே ஊதா நிறத்தில் ஒரு பத்தி. முள் பூஜ்யத்தில் இருந்தாலும் மூடியைத் தொடாதே. மூடிக்குக் கீழே இருக்கும் வால்வைத் திறந்துவிட்டு இருபது நிமிடம் விலகி நில்.

கனகசுந்தரத்தின் எண்ணைத் தேடி அழைத்தாள். அவர் நிதானமாக எடுத்தார்.

"சார், எஸ்.ஜி.ன்னு ஒரு டேக் போட்டிருக்கீங்களே. அது சிங்கப்பூர்தானே?"

"சிங்கப்பூரோ?" அவர் சிரித்தார். "சிங்கப்பூருக்கு நாங்கள் ஒரு குக்கர்கூட வித்ததில்லையே, பிள்ளை. எஸ்.ஜி. எண்டால் சுங்கை காஜா. பெக்கான் நானாஸ் பக்கம் இருக்கிற அன்னாசி ஃபெக்டரி. அவையளிட்ட இருக்கிறது பழைய குக்கர். பழப்பாகு போய் மீட்டர் குழாயை அடைச்சுப்போடும். உள்ளுக்கு ஆவி நிண்டாலும் முள்ளு சைபரிலதான் நிக்கும். ஏன் கேக்கிறீர்?"

சுங்கை என்றால் மலாயில் ஆறு. ஆற்றுப் பாலத்துக்குப் பாலம் பச்சைப் பலகையில் எஸ்.ஜி. என்ற அந்த இரண்டெழுத்தைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தினமும் காலையிலும் மாலையிலும் அதைக் கடந்துதான் வேலைக்கு வந்து போகிறாள். ஆறு அவள் நினைவுக்கே வரவில்லை. சிங்கப்பூர்தான் வந்தது.

மணி இரண்டு முப்பத்தெட்டு.

ஐயாசாமியின் கைப்பேசி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த மாதிரித் தொழிற்சாலைகளில் கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் குக்கர் பக்கம் போகவிடுவார்கள். ஆபீஸ் எண்ணைப் பிடித்தாள். சூப்பர்வைசர் சபாபதி எடுத்தார்.

"சார், நாலாவது சாப்டர் தப்பு. மூடியத் திறக்க வேணாம்னு சொல்லுங்க. உடனே சொல்லுங்க."

"என்னம்மா தப்பு? உங்க கம்பெனி சாப்பு, சீல் போட்டு, சைன் வச்சு அனுப்பின புக்குதானே?"

"நான்தான் எழுதினேன். நான்தான் தப்புன்னு சொல்றேன்."

"போன்ல யார் வேணும்னாலும் சொல்லலாம்லா. எழுத்துல அனுப்புங்க, என் வாட்ஸ்அப் நம்பர் தர்றேன். எழுத்துல இல்லாதத நான் ஆளுங்ககிட்ட சொன்னா அடுத்த மாசம் ஆடிட்டுல என் தலைதான் உருளும்."

எழுத்து! அவள் எழுத்தை அவளைவிட அதிகமாக நம்பிய மனிதனை என்ன சொல்லித் திட்டுவது? ஊதா டேக்குக்கு டிக் போட்டாள். புத்தகம் மறுபடி தயாராவதைக் காட்டும் பச்சைக் கோடு ஆமை வேகத்தில் நகர்ந்தது. பின்னால் கமலநாதன் வந்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது.

"அலமாக்! தப்புன்னு எதுவும் எழுதி வைக்காதே. ஒரு அப்டேட்னு போடு. இல்ல, இரு, மேல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். லோஷினி அந்த ஒரு பக்கத்தை மட்டும் பிரித்தெடுத்து, "என் தவறு, திறக்காதீர்கள்" என்று மேலே தட்டி, சபாபதியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினாள். இரண்டு நாற்பத்தொன்பது. உடனே அழைத்தாள்.

"சார், படிங்க. எட்டாவது."

"இருங்க, திறக்குது." முணுமுணுப்பாகப் படிக்கும் சத்தம் கேட்டது. பாதியில் நின்றது. நாற்காலி கீழே விழுந்தது. பிறகு சபாபதி ஓடும் மூச்சு, கதவு, டின்கள் உருளும் இரைச்சல். கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே ஓடினார்.

"இன்னும் மூணு ஆகலையே சார்!"

"மூணு மணிக்கு இறக்குறதுன்னா இப்பவே கழட்ட ஆரம்பிச்சிருப்பாரும்மா! ஐயாசாமி! ஐயாசாமி! கைய எடு!"

இரைச்சலுக்கு நடுவே ஐயாசாமியின் குரல் கைப்பேசிக்கு அருகே வந்தது. மதியம் பேசியதுபோலவே மரியாதையான குரல்தான். 

"அம்மா, ஆறு போல்ட்டு கழட்டிட்டேன். மூடி ஓரத்துல லேசா உஸ்ஸுனு வருது. முள்ளு சைபர்லதான் நிக்குது. இப்ப நான் என்ன செய்யணும்? புக்குல இதுக்கு ஏதாவது போட்டிருக்கா?"

லோஷினி கோப்பைத் தேடினாள். பதினொரு டேக்குக்கும் டிக் போட்டாள். சிவப்பு, பச்சை, மஞ்சள், ஊதா என்று எல்லாப் பத்திகளும் திரையில் வந்து நின்றன. ஆறு போல்ட் கழற்றிவிட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று எந்த நிறத்திலும் ஒரு வரி இல்லை. கனகசுந்தரம் எழுதவில்லை. அவளும் எழுதவில்லை. வால்வைத் திறக்கலாம் என்றால் அது மூடிக்கு நேர் கீழே இருக்கிறது.

"ஒண்ணும் செய்யாதீங்கண்ணே," என்று கத்தினாள். "எதையும் தொடாதீங்க. வெளிய ஓடிருங்க."

"ஓடுறேன்மா. மூடிக்கு எதிர்த்தாப்புல பொம்பளைங்க லேபல் ஒட்டிக்கிட்டு இருக்காங்க. அவங்கள எழுப்பிட்டு ஓடுறேன்."

"அண்ணே, வேணாம்!"

அவர் போய்விட்டார். மிஷின் இரைச்சலுக்கு மேலே அவர் குரல் கேட்டது. "எழுந்திருங்கம்மா, எல்லாம் போட்டுட்டு ஓடுங்க, ஓடுங்க!" பெண்கள் கூச்சலிடுவதும் ரப்பர் பூட்ஸ் கால்கள் தடதடப்பதும் கேட்டன. சபாபதி வெளியே வந்துவிட்டார் போல, இரைச்சல் தணிந்து காற்றின் ஓசை வந்தது. அவர் தலைகளை எண்ணுவது கேட்டது. எண்ணி முடித்துவிட்டு லோஷினியிடம் சொன்னார்: "பொம்பளைங்க ஒன்பது பேரும் வந்துட்டாங்கம்மா. கடைசியா ஐயாசாமிதான், இதோ வாசல்கிட்ட..."

வெடிச் சத்தம் கைப்பேசியில் சின்னதாகத்தான் கேட்டது.

"ஹலோ," என்றாள் லோஷினி. "சார்? ஹலோ?"

சபாபதி லைனில்தான் இருந்தார். அவர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. அவர் மறுபடி முதலிலிருந்து தலைகளை எண்ணினார். ஒன்பதோடு நின்றது.