மூட்டையோடு வந்த பேர்

இப்போது யாரும் எதையும் படிப்பதில்லை. கண் படுவதற்கு முன் கை போய்விடுகிறது. கதவில் "இழு" என்று எழுதியிருந்தால் தள்ளுகிறார்கள். திறக்காவிட்டால் கதவைத் திட்டுகிறார்கள். பால் பண்ணை வாசலில் இருபது வருஷமாகக் காவல் நிற்கிற நான் தினமும் பார்க்கிற கூத்து இது.

அன்று காலை எட்டு மணிக்கு என் மருமகன் பால் கேன் வண்டியை எடைமேடையில் ஏற்றி நிறுத்தினான். எடைச் சீட்டு இல்லாமல் ஒரு கேனையும் இறக்க மாட்டார்கள். அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு தாமதம் அவன் தலையில் விழுந்திருந்தது. மூன்றாவதும் விழுந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு என் மகள் வீட்டில் அடுப்பு எரியாது.

எடை போடுகிற பெண் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு என்றது. மறுபடி அடித்தாள். மறுபடியும் தப்பு.

"நேத்து சாயங்காலம் புதுசா என்னமோ அனுப்பியிருக்காங்க பெரியப்பா. திரையே வேற மாதிரி இருக்கு."

புதுசு என்றாலே எனக்கு ஆகாது.

தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். எடுத்தவன்தான் அதை அனுப்பியவனாம். புது மென்பொருளைத் தன் கம்ப்யூட்டரில் போட்டு, அதை அப்படியே மூட்டை கட்டி எல்லாக் கிளைக்கும் அனுப்புவதுதான் அவன் உத்தியோகம். பேக்கேஜ் என்கிறார்கள்.

"பாஸ்வேர்டை மறந்திருப்பீங்க மேடம்."

"மறக்கலைங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மாத்தித் தரேன்."

மாற்றித் தந்தான். தப்பு. இன்னொன்று தந்தான். அதுவும் தப்பு. அப்புறம் அவன் குரலே மாறிவிட்டது. "இருங்க, என் அக்கவுண்ட்டே லாக் ஆகியிருக்கு. காலையிலேர்ந்து இது மூணாவது தடவை."

வெளியே மருமகன் வண்டியைத் தட்டினான். "மாமா, பாலுக்குச் சீட்டு வருமா, இல்ல தயிராகட்டும்னு காத்திருக்கீங்களா?"

வெயில் கேன்கள் மேல் ஏறிவிட்டது. மணி பத்தரை. பொறுக்காமல் உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒன்றையும் தாண்ட முடியாது. பாஸ்வேர்டு அடிக்கிற கட்டத்துக்கு மேலே ஒரு பேர் இருந்தது.

"இது யாரும்மா? உன் பேர் இல்லையே."

அவள் அப்போதுதான் பார்த்தாள். இரண்டரை மணி நேரமாக முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்! போனில் இருந்தவனுக்குப் பேரைப் படித்துக் காட்டினாள்.

"அது... என் பேர்தாங்க," என்றான் அவன். "கட்டும்போது கூடவே வந்திருக்கு போல. கீழ மூலையில 'வேறு பயனர்'னு இருக்கும், அதை அமுக்கி உங்க பேரைப் போடுங்க."

எல்லாக் கிளையிலும் காலையிலிருந்து அவன் பேருக்குத் தங்கள் பாஸ்வேர்டைக் குத்தியிருக்கிறார்கள். அவன் கணக்கு பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

"ஏம்ப்பா, அடுத்தவனுக்கு அனுப்பற மூட்டையில உன் சட்டையையும் சேத்துக் கட்டுவியா? அனுப்பறதுக்கு முன்னாடி பாக்க மாட்டியா?"

"பாத்தேன் பெரியவரே. என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தான் இருந்துச்சு."

"உன் கம்ப்யூட்டர்ல உன் பேர் இருந்தா உனக்கு நல்லாத்தான் இருக்கும்!"

சீட்டு வந்தது. ஆனால் பால் சோதிக்கிறவர் முதல் கேனை முகர்ந்ததுமே மூடியைப் போட்டுவிட்டார். அத்தனையும் புளித்துவிட்டது. சாக்கடையில் ஊற்றினார்கள். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

தாமதத்துக்குக் காரணம் பதிய வேண்டும் என்று திரை கேட்டது. ஓட்டுநர், வாகனம், வானிலை. மூன்றே மூன்று. அதில் வானிலை ஒன்றுதான் ஓட்டுநர் தலையில் விழாது.

"கம்ப்யூட்டர்னு போடும்மா."

"அப்படி ஒண்ணு இல்லையே பெரியப்பா." மருமகன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, 'வானிலை' என்பதை அமுக்கினாள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

"அதுவே போதும் மேடம், சிஸ்டம் ஏத்துக்கும்," என்றான் போன்காரன். "இன்னைக்கே வேற பேக்கேஜ் அனுப்பறேன். நல்லாப் பாத்துட்டேன்."

"எதுல பாத்த?"

"என் கம்ப்யூட்டர்லதான்."

மருமகன், "வண்டி தப்பிச்சுது மாமா, விடுங்க," என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கு நடந்தேன். "இழு" என்று எழுதிய கதவை வெளியே இருந்து எவனோ தள்ளிக்கொண்டிருந்தான்.