கெடு தாண்டிய மனு

வக்கீலின் மனைவி, இறந்த கணவருக்கு அணிவித்த வெள்ளைச் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் மகனின் குரல் உயர்ந்தது.

"சாவு வீட்டுல வந்து கேஸ் பேசுறீங்களே, கொஞ்சமாவது இங்கிதம் வேணாமா?"

எழுந்து போய்ப் பார்த்தாள். குமாஸ்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பின்னால் ஒரு பெண். அவளுடைய மகன் செய்யாத திருட்டுக்குத் தண்டனை பெற்று ஜெயிலில் இருக்கிறான். அவனுக்கான அப்பீலை வக்கீல்தான் ஏற்றிருந்தார்.

"தாக்கல் பண்ணியாச்சுன்னுதாம்மா அய்யா சொன்னாரு. எப்பக் கேட்டாலும் அதையேதான் சொன்னாரு," என்றாள் அந்தப் பெண்.

தாக்கல் ஆகவில்லை. மனு மேஜை டிராயரில் கையெழுத்தில்லாமல் கிடந்ததை குமாஸ்தா இன்று காலைதான் கண்டார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த வக்கீல்களோ இறந்தவரின் ஞாபகசக்தியைப் புகழ்ந்து மாளவில்லை. டைரியைத் தொடாமலே வாய்தா தேதி சொல்வாராம். சொன்னவர்தான், மறுப்பதற்கில்லை. போன வருஷம்வரை.

மகன் குரலைத் தாழ்த்தினான். "அப்பா தவறிட்டாருன்னு எழுதி இப்பப் போடுங்க. கோர்ட்டு மன்னிக்காதா?"

"அய்யா தவறுனது நேத்து, தம்பி. கெடு முடிஞ்சது போன மாசம். தினம் கோட்டு மாட்டிக்கிட்டு வந்தவரு ஏன் போடலைன்னு கேப்பாங்க. சரியான காரணம் இல்லைன்னா வாசலோட தள்ளிடுவாங்க," என்றார் குமாஸ்தா.

காரணம் மகனுக்குத் தெரியும். குமாஸ்தாவுக்கும் அரசல்புரசலாகத் தெரியும். மகன் அம்மாவைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இத்தனை நாளும் அவள்தான் செய்துவந்தாள். காலையில் கோட்டை மாட்டிவிட்டு, அன்றைய வேலையைத் துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைப்பாள். இந்த மனு சீட்டில் ஏறவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. இப்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"காரணத்தை எழுதிக்குங்கண்ணே, நான் கையெழுத்துப் போடுறேன்," என்றாள்.

"அம்மா, அப்பா பேரு கெட்டுப்போயிடும்மா."

"அந்தப் புள்ள உள்ள கெடக்குறானேப்பா."

அவள் குரலைத் தாழ்த்தவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது.

"அவருக்கு ஒரு வருஷமா ஞாபகம் தப்பிடுச்சு. வாய்தா மறந்தாரு. வீட்டுக்கு வர்ற வழி மறந்தாரு. போன வாரம், பக்கத்துல படுத்திருந்த என்னையே, 'நீங்க எந்தக் கேஸும்மா?'ன்னு கேட்டாரு."

யாரோ சிரிக்கப் போய், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். மகன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். குமாஸ்தா ஒரு வரி விடாமல் எழுதி நீட்டினார்; அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கணவரின் தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் உள்ளே வந்து, அவளருகே முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டாள்.