இடது தொடை, ஞாயிறு, பத்து மணி

ஊசிப் பேனாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்த பிறகு அரை மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. வெந்நீரில் முக்கக் கூடாது. மருந்தின் குளிர் தானாக விட்டுப்போக வேண்டும். ஷாயிஸ்தாவின் நோட்டில் இது மூன்றாவது படி. மொத்தம் பதினான்கு படிகள் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் டிக் போட ஒரு கட்டம் வரைந்திருந்தாள். கட்டங்கள் கோணலாக வந்துவிட்டனவோ என்ற சந்தேகத்தில் அந்தப் பக்கத்தையே இரண்டாம் முறை எழுதியிருந்தாள்.

பக்ரீத் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஞாயிறு காலை ஒன்பதரை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம், கட்டைவிரலைவிடச் சற்றுப் பருமன். அதன்மேல் மூச்சு விட்டாற்போல ஒரு மங்கல் படர்ந்து, மெல்லக் கலைந்தது. தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலின் ஒலி ஜன்னல் வழியாக வந்து, அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவதுபோல் போயிற்று.

மூன்று வருடங்களாக அவளுடைய முழங்கையிலும் தலையிலும் வெள்ளைச் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்த சொரியாசிஸ், போன வருடம் தோலோடு நிற்காமல் மூட்டுக்குள் இறங்கிவிட்டது. இடது கையின் சுண்டுவிரல் கோவைக்காய்போல வீங்கிச் சிவந்தது. பகலில் சண்முகம் சாலையில் இருக்கும் அத்தாவின் ஸ்கூல் பேக் கடையில் ஜிப்புகளை இழுத்துக் காட்டுவதற்கு அந்த விரல் தேவையில்லை. சாயங்காலம் ஆறு மணி டைப்பிங் வகுப்புக்குத் தேவை. ஆங்கிலத்தின் முதல் எழுத்தை அந்த விரல்தான் அடிக்க வேண்டும். அவள் அடித்த தாள்களில் எல்லா எழுத்தும் கறுப்பாக இருக்கும், ‘ஏ’ மட்டும் தண்ணீரில் கரைத்ததுபோல வெளுத்திருக்கும். தயாளன் சார் ஒவ்வொரு வெளுத்த ‘ஏ’யையும் சிவப்புப் பேனாவால் சுழிப்பார்.

“இந்த லெட்டர் மேல உனக்கு என்னம்மா கோபம்?” என்பார்.

டைப்பிங் ஹையர் தேர்வு ஆகஸ்டில். அதற்குள் விரல் சரியாக வேண்டுமானால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒன்றுகூடத் தவறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு ஊசிகளை ஆஸ்பத்திரியில் ஜோஸ்வின் சிஸ்டர் போட்டாள். இரண்டு முறையும் அத்தா ஹாஜா மைதீன் கடையைச் சாத்திவிட்டு, அவளை பைக்கில் கூட்டிப்போய், ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் நின்றார். எதையோ பிச்சை கேட்டு நிற்பவர்போல இருந்தது அவளுக்கு. திரும்பும்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள்: “அத்தா, இனிமே நானே வூட்ல போட்டுக்கறேன்.”

சொல்லிவிட்டாள். சொன்ன நிமிஷத்திலிருந்து முடியுமா என்ற பயமும் கூடவே வந்து வீட்டில் குடியேறிவிட்டது.

ஜோஸ்வின் சிஸ்டர் இரண்டு பேனாவும், கூடவே பழகிப் பார்க்க ஒரு பயிற்சிப் பேனாவும் கொடுத்தாள். அதில் மருந்தும் கிடையாது, ஊசியும் கிடையாது. அழுத்தினால் ‘டக்’ என்று சத்தம் வரும், பக்கவாட்டில் இருக்கும் கண்ணாடிச் சாளரம் மஞ்சளாகும், அவ்வளவுதான். மற்றபடி மூன்றும் ஒரே அச்சு. குழம்பிவிடக் கூடாது என்று ‘பயிற்சிக்கு மட்டும்’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி, அதன்மேல் ஒட்டியும் கொடுத்தாள்.

பத்து மணி அடித்தது. நான்காம் படி: மருந்து தெளிவாக இருக்கிறதா என்று சாளரத்தில் பார். பார்த்தாள். தெளிவாக இருந்தது. டிக். ஒன்பதாம் படி வரைக்கும் டிக். இடது தொடையில் பேனாவை நேராக நிறுத்தி, கண்ணை மூடி, பிஸ்மில்லா சொல்லி அழுத்தினாள்.

டக்.

வலிக்கவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை. பதினைந்து எண்ணுவதற்குள் தொடையிலிருந்து ஒரு குளிர்ந்த ஓடை கிளம்பி முழங்காலைச் சுற்றி இறங்கியது. அங்கிருந்து எப்படியோ மேலேறித் தோளைத் தாண்டி, இடது கையின் சுண்டுவிரல் நுனியில் போய்ச் சொட்டியது. கண்ணைத் திறந்தபோது சாளரம் மஞ்சள். பஞ்சில் ஒரு பொட்டு ரத்தமில்லை.

“முடிஞ்சிடுச்சாடி?” கதவுக்கு வெளியே அம்மா ஷரீஃபாவின் குரல். ஊசியின் படத்தைப் பார்த்தாலே சுவரைப் பிடித்துக்கொள்கிறவள்.

“எறும்பு கடிச்ச அளவுகூட இல்லம்மா.”

“மாஷா அல்லாஹ்! எம்பொண்ணு சிங்கம்!”

பேனாவை, போட்டு முடித்த ஊசிகளுக்கான கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினாள். பதினான்காம் படியில் டிக் போட்டாள்.

அதன்பிறகு வந்த நாட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் நகர்ந்தன. வகுப்பு முடிந்து ரயில்வே மேம்பாலத்தின்மேல் வரும்போது, கீழே தண்டவாளங்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொள்வதைப் பார்த்து நின்றுவிடுவாள். அந்தத் தண்டவாளங்கள் அத்தனையும் தன் கைக்குள் ஓடுவதாகத் தோன்றும். எங்கோ ஒரு சமிக்ஞை மாறுகிறது, ஒரு விரலுக்கு வழி விடுகிறார்கள். விமானப்படைத் தளத்துக்கு இறங்கும் விமானம் கூரைகளின்மேல் தாழப் பறந்தால், அதன் நிழல் தன் தோல்மேல் தடவிப்போவதாகத் தோன்றும். ஒரு கனவில் அவள் ஃப்ரிட்ஜுக்குள் நடந்தாள். உள்ளே முடிவே இல்லாத வெளிச்சம். தரையெல்லாம் வெள்ளையாக உதிர்ந்து கிடந்தது. பனியா, தன் தோலின் செதிலா என்று தெரியவில்லை. காலை வைத்த இடமெல்லாம் சுத்தமான தரை தெரிந்தது. தூரத்தில் அம்மாவின் மாவுப் பாத்திரம் ஒரு மலைபோல நின்றது.

நோட்டில் எழுதினாள்: ‘ஐந்தாம் நாள். விரல் லேசாக இருக்கிறது. அல்லது இருப்பதாக நினைக்கிறேன்.’ ‘ஒன்பதாம் நாள். தயாளன் சார் ஒரு தாளில் சுழிக்கவே இல்லை. கவனிக்காமல் விட்டாரோ.’

கவனிக்காமல் விடவில்லை. மறுநாள் அவரே தாளை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கோபம் தீர்ந்துடுச்சு போலிருக்கே!”

பதினான்காம் நாள் ஞாயிறு. அடுத்த ஊசி. ஒன்பது மணிக்கு அவள் நோட்டில் புதிய கட்டங்கள் வரைந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி ஆன்ட்டி கறிவேப்பிலை கேட்டு வந்தவர், சமையலறையில் அம்மாவிடம் பிடிபட்டுவிட்டார். அம்மாவின் பெருமை கூடம்வரை கேட்டது.

“தானே போட்டுக்கறா ஆன்ட்டி! டாக்டர், நர்ஸு, ஒருத்தரும் வேணாம். இருங்க, எப்படின்னு காட்டறேன். பழகறதுக்குன்னு ஒரு டம்மி குடுத்திருக்காங்க.”

“ஐயையோ, உனக்குத்தான் ஊசின்னா ஆகாதே ஷரீஃபா?”

“இதுல ஊசியே கிடையாதே! பொம்மை.”

ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டிபன் டப்பாவின் மூடி கழலும் சத்தம் கேட்டது. ஷாயிஸ்தா எழுந்து போனாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பயிற்சிப் பேனா எதற்கு ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும்?

அம்மா புடவைத் தலைப்பை ஒதுக்கி, தன் மேற்கையில் பேனாவை வைத்திருந்தாள். மூடியைக் கழற்ற மற்றக் கை தயாராக இருந்தது. ஜன்னல் வெளிச்சம் சாளரத்தில் பட்டது. உள்ளே, தூங்கி எழுந்ததுபோல் ஒரு சின்னக் குமிழி மெல்ல நகர்ந்து மேலே போயிற்று.

“அம்மா. அதக் கீழ வை.”

“இன்னாடி?”

“கீழ வை. மூடியத் தொடாத.”

அந்தக் குரலுக்கு அம்மா கீழே வைத்துவிட்டாள். ஷாயிஸ்தா டிபன் டப்பாவுக்குள் பார்த்தாள். இன்னொரு பேனா இருந்தது. எடுத்துச் சாய்த்தாள். அதிலும் ஒரு குமிழி நகர்ந்தது. இரண்டிலும் மருந்து. இரண்டும் போடாத ஊசி.

“பயிற்சிப் பேனாவ யாரும்மா ஃப்ரிட்ஜுல வச்சது?”

“நான்தான். மருந்துன்னா மருந்து, அதுல டம்மி என்ன, நிஜம் என்ன? குர்பானி கறி நிறைய இருந்துச்சு. அட்டைப்பெட்டி இடத்த அடைக்குதுன்னு மூணையும் டிபன் டப்பால போட்டு, பத்திரமா மாவு மேல வச்சேன்.” சொல்லச் சொல்ல அம்மாவின் குரல் இறங்கியது. “ஏன்டி? ஒட்டி வச்ச பேப்பர் இருந்துச்சே?”

பேப்பரை நாகலக்ஷ்மி ஆன்ட்டிதான் கண்டுபிடித்தார். டிபன் டப்பாவின் அடியில், ஈரத்தில் ஊறி, மை பரவி ஒட்டிக்கொண்டிருந்தது: பயிற்சிக்கு மட்டும்.

ஷாயிஸ்தா அறைக்குப் போய்ப் இரண்டு வாரத்துக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினாள். நான்காம் படி: மருந்து தெளிவாக இருக்கிறதா? டிக். ஒன்றுமே இல்லாததும் அப்படித்தான் தெரியும். இத்தனை கட்டம் போட்டவள், உள்ளே மருந்து இருக்கிறதா என்று ஒரு கட்டம் போடவில்லை; டிபன் டப்பாவில் எத்தனை பேனா என்று எண்ணவுமில்லை. வெட்கம் கழுத்துவரை ஏறியது. வலிக்காததற்குப் பேர் தைரியம் என்று நினைத்திருந்தாள். அந்த ஓடை? தோள்வரை ஏறிச் சொட்டியதே, அது எது?

ஜோஸ்வின் சிஸ்டருக்கு ஃபோன் போட்டாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மறுமுனையில் சிரிப்பை விழுங்கும் சத்தம்.

“அழாதம்மா. நீ முதல் ஆளும் இல்ல, கடைசி ஆளும் இல்ல.”

“ஆனா சிஸ்டர், விரல் நல்லாத்தான் இருந்துச்சு. நிஜமா.”

“இருக்கும்மா. நான் போட்ட ரெண்டு ஊசி உள்ள வேலை செஞ்சுகிட்டுதான் இருக்கும். ஆனா அது ரொம்ப நாள் தாங்காது. இரு, டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்.”

ஐந்து நிமிடத்தில் திரும்ப அழைத்தாள். “பேனா ரெண்டும் ஃப்ரிட்ஜுலயேதான இருந்துச்சு? உறையலையே? தேதி தாண்டலையே? சரி, இன்னிக்கே ஒண்ணு போட்டுடு. அடுத்தது இன்னியிலிருந்து ரெண்டு வாரம் கழிச்சு. தள்ளிப்போடாத. பயமா இருந்தா ஒரு மணிக்குள்ள இங்க வா, நான் போடறேன்.”

ஒரு பேனாவை மேசைமேல் வைத்தாள். இன்னொன்றை டப்பாவோடு ஃப்ரிட்ஜில் வைத்து, மாவுப் பாத்திரத்தைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். மணி பத்தே கால்.

விஷயம் கேட்ட அத்தா கடைக்குப் போகவில்லை. வாசலில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். “ஆஸ்பத்திரிக்கே போயிடலாமா ஷாயி? கடை எங்கயும் ஓடிப்போவாது.”

“அரை மணி நேரம் இருங்க அத்தா.”

இந்த அரை மணி அன்றைய அரை மணியைப்போல் இல்லை. அன்று பேனா வெறும் பேனாவாக இருந்தது. இன்று அதன் நுனிக்குள் ஒரு ஊசி ஒளிந்திருப்பது அவளுக்குத் தெரியும். பார்க்கப் பார்க்க மேசை நீண்டுகொண்டே போனது. ரயில் சத்தம் வந்தது. போகாமல் அறைக்குள்ளேயே நின்றது. பிடிவாதமாக அந்த ஓடையை வரவழைக்கப் பார்த்தாள். வரவில்லை. கனவில் பார்த்த வெள்ளைத் தரையும் வரவில்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது. தாள்களை எடுத்துப் பார்த்தாள். ஊசி போடாத அந்த இரண்டு வாரத்து ‘ஏ’க்கள் வெளுக்கவில்லைதான். ஆனால் போன வெள்ளிக்கிழமைத் தாளில், கடைசி மூன்று வரிகளில், மறுபடி கொஞ்சம் நிறம் குறைந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குறைந்துதான் இருந்தது.

மணி பத்தே முக்கால்.

கையைக் கழுவினாள். தொடையைத் துடைத்தாள். மூடியை நேராக இழுத்தாள். நான்காம் படிக்கும் ஐந்தாம் படிக்கும் நடுவில் சின்னதாக எழுதினாள்: ‘குமிழி நகர்கிறதா?’ பேனாவைச் சாய்த்தாள். நகர்ந்தது. டிக்.

நுனி தோலில் பட்டதும் கை தானாகப் பின்வாங்கியது. மறுபடி வைத்தாள். மறுபடி பின்வாங்கியது.

“ஷாயி,” வெளியே அத்தா எழுந்து நிற்கும் சத்தம். “வண்டிய எடுக்கட்டுமா?”

பதில் சொன்னால் கிளம்பிவிடுவோம் என்று தோன்றியது. பிஸ்மில்லா சொல்லி அழுத்தினாள்.

டக்.

எரிந்தது. எறும்பில்லை, குளவி. தொடைக்குள் யாரோ மிளகாய்ப்பழத்தைக் கிள்ளி வைத்ததுபோல ஒரு காந்தல். எடுத்துவிடு, எடுத்துவிடு என்றது உடம்பு முழுவதும். எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று.

“முடிஞ்சிடுச்சாடி?” என்றாள் அம்மா கதவுக்கு வெளியே. இந்த முறை மெதுவாக.

“இன்னும் இல்ல!” என்று கத்தினாள். ஏழு, எட்டு. ஓடை எதுவும் கிளம்பவில்லை. முழங்காலுக்குப் போகவில்லை, தோளுக்கு ஏறவில்லை. வலித்த இடத்திலேயே வலித்தது. பதின்மூன்று. பதினான்கு. பதினைந்து. இரண்டாவது ‘டக்’ எப்போதோ கேட்டிருந்தது. சாளரம் மஞ்சள்.

பேனாவை எடுத்தாள். தொடையில் கடுகளவு ரத்தம், அதைச் சுற்றி ஒரு கொசுக்கடித் தடிப்பு. பஞ்சை வைத்துப் பிடித்தாள். தேய்க்கவில்லை. பிறகு அந்தப் பஞ்சை மடியில் வைத்துக்கொண்டு, மாதுளை முத்துபோல் அதிலிருந்த சிவப்பை வெகுநேரம் பார்த்தாள்.

கதவைத் திறந்தபோது அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அத்தா ஹெல்மெட்டின் வாரைப் பாதி மாட்டியிருந்தார்.

“வலிச்சுதா?” என்றார்.

“நல்லா வலிச்சுது அத்தா,” என்றாள் ஷாயிஸ்தா. “நீங்க கடைக்குப் போங்க.”