மாறியவை மட்டும்

எங்கள் எம்பிராய்டரிக் கடையில் மாற்றவே முடியாத பழசுகள் இரண்டு. ஒன்று அப்பா, இன்னொன்று கம்ப்யூட்டர். ஆறு ஊசித்தலை மெஷினுக்கு டிசைனை அனுப்பும் அட்டை அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் பொருந்தும். புதியது எதிலும் அதற்கு இடமே கிடையாது.

அதற்குள் இருந்த டிசைன்கள் அத்தனையும் நான் போட்டவை. பள்ளிக்கூடச் சட்டைக்குச் சிங்கம், திரைச்சீலை ஓரத்துக்கு ரோஜாக் கொடி, குழந்தைப் போர்வைக்குத் தூங்கும் முயல். ஊசி எங்கே இறங்க வேண்டும், நூல் எங்கே திரும்ப வேண்டும் என்று புள்ளி புள்ளியாக வைத்து, கல்யாணத்துக்கு முன்பிருந்தே போட்டுக்கொண்டிருந்தேன். கடைப் பலகையில் மட்டும் அப்பாவின் பெயர்.

என் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். அவருடைய கடை படுத்துவிட்டது. எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். வெறும் வாயை மெல்லும் அப்பாவுக்கு அவல் கிடைத்த கதைதான்.

ஒருநாள் கம்ப்யூட்டர் உள்ளே கரகரவென்று சத்தம் போட்டது. எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்காவிட்டால் ஆபத்து என்று இவர் கேசட் மாதிரி டேப்பில் எழுதும் ஒரு பழைய டேப் டிரைவும் இரண்டு விதமான சாஃப்ட்வேரும் கொண்டு வந்தார்.

"மாமா, இது டிரைவோட சும்மா வந்தது. வேகமா எழுதும். இன்னொன்னு மெதுவாத்தான் எழுதும், ஆனா எழுதினதைத் திரும்பப் படிச்சு சரியா இருக்கான்னு பாக்கும். மூணு டேப் வச்சுக்கிட்டு மாத்தி மாத்தி எல்லாத்தையும் எடுத்தோம்னா…"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"வாராவாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் பூரா ஆகும்."

"அதுவரைக்கும் மெஷின்?"

"நிக்கும் மாமா."

நூல் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் அப்பா திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? தன் கடையை மூடினது பத்தாதுன்னு மாப்பிள்ளை என் மெஷினையும் நிறுத்த வந்திருக்காரு."

அவர்கள் சிரித்தார்கள். முதலாளி ஜோக் அடித்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

இவர் வேகமாக எழுதும் சாஃப்ட்வேரைப் போட்டார். திரையில் கேள்விகள் வந்தன. எல்லாக் கோப்புகளுமா, மாறியவை மட்டுமா? டேப்பில் இருப்பதோடு சேர்த்து எழுதவா, பழையதை அழித்துவிட்டு எழுதவா? அப்பா நேராகத் திரையிலேயே விரலை வைத்தார்.

"மாறினது மட்டும் போதும். சீக்கிரம் முடியும். பழசை அழிச்சிட்டு எழுதட்டும், ஒரே டேப்புல முடிஞ்சிடும்."

"மாமா, அது ரெண்டையும் சேர்த்துப் போட்டா…"

"மாப்பிள்ளை, சொன்னதைச் செய்யுங்க. உங்க சொந்த மூளையில கடை நடத்தின லட்சணத்தைத்தான் ஊரே பாத்துச்சே."

அப்பா காட்டிய இரண்டையும் இவர் அழுத்தினார். பிறகு சிரித்தார். "சரி மாமா. நீங்க சொன்னபடியே செஞ்சிடறேன்."

கோபத்தை விழுங்கிவிட்டார் என்று நினைத்தேன். விழுங்கவில்லை, வட்டிக்கு விட்டிருக்கிறார்.

அதன்பின் வெள்ளிக்கிழமை தவறாமல் டேப் சுற்றும். "எடுத்தாச்சு மாமா" என்பார் இவர். "பாத்தியா, டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்று அப்பா என்னிடம் தன்னையே மெச்சிக்கொள்வார். வருஷங்கள் இப்படியே ஓடின.

பெரிய திரைச்சீலைக் கம்பெனி ஒன்று டிசைனர் வேலைக்கு என்னைக் கூப்பிட்டது. திங்கட்கிழமை வரும்போது இதுவரை போட்டதையெல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். என் கையால் போட்டதை என் பெயர் சொல்லிக் காட்டப்போகிறேன் என்ற நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு காப்பி எடுத்துத் தரும்படி இவரிடம் கேட்டேன். அப்பா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"டேப்புல எல்லாம் பத்திரமா இருக்கு. ஞாயித்துக்கிழமை எடுத்துத் தரேன்" என்றார் இவர்.

சனிக்கிழமை காலையில் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்துப்போனது.

இவர் பதறவில்லை. வேறு டிஸ்க்கை மாட்டினார், டேப்பைச் சொருகினார். அது சுற்றி நின்றது. திரையில் ஒரே ஒரு டிசைன் வந்தது. ஒரு ஓட்டலின் கால் மிதியடிக்காக அந்த வாரம் நான் போட்ட 'நல்வரவு'.

"மத்ததெல்லாம் எங்க?" என்றார் அப்பா.

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அப்பா முன்னால் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ஒவ்வொரு வாரமும் பழசை அழிச்சிட்டு, அந்த வாரம் மாறினதை மட்டும் எழுதும். இந்த வாரம் மாறினது இது ஒண்ணுதான். நீங்க விரல் வச்சுக் காட்டினதுதான் மாமா. சொன்னபடி செஞ்சேன்."

எத்தனை நாள் ஒத்திகை பார்த்தாரோ, ஒரு சொல் தடுக்கவில்லை. அப்பா நூல்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"நான் காப்பி கேட்டப்பவும்?"

"அப்பவே கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துக் குடுத்திருந்தா, ஏன் டேப்புல இல்லையான்னு உங்கப்பா கேட்டிருப்பாரே. விஷயம் வெளிய வந்திருக்கும்." அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "அவரோட டிசைன் போகட்டும்னுதான் நினைச்சேன். உன்னோடதுன்னு எனக்குத் தோணவே இல்லை."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்பாவுக்குத் திடீரென்று உயிர் வந்தது. "போனா போகட்டும். இவ இருக்கா இல்ல? திங்கக்கிழமை வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். சிங்கம் ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"ரோஜாக் கொடி?"

"ஒவ்வொரு தையலும் ஞாபகம் இருக்கு."

எப்படி, ஜெயிச்சேனா என்பதுபோல் அப்பா இவரைப் பார்த்தார். இவர் முகம் தொங்கிப்போனது. இரண்டு பேரும் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். உதைபடும் பந்து மட்டும் நான்.

"ஆனா எதையும் போட மாட்டேன்" என்றேன். "திங்கக்கிழமை வெறுங்கையோட போறேன். அங்கேயே உக்காந்து போட்டுக் காட்டறேன்."

"அப்ப கடை?" அப்பாவின் குரல் நடுங்கியது. அது எனக்கு இனித்தது.

"டேப்புல இருக்கிறதை வச்சு நடத்துங்க. சொன்னபடி செய்யத்தான் மாப்பிள்ளை இருக்காரே."

திங்கட்கிழமை நான் கிளம்பும்போது இருவரும் மெஷின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆறு ஊசிகளும் நல்வரவு தைத்துக்கொண்டிருந்தன.