வாரத்தில் ஐந்து நாள்

ஷூஷான் மாவு வட்டங்களின் மேல் அரைத்த இறைச்சியை விரல்களால் தேய்த்துப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஓரம் வரைக்கும் மெல்லிசாகப் போக வேண்டும். நடுவில் கட்டி நின்றுவிட்டால் லமஜூன் வேகாது, வாங்குகிறவர்கள் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார்கள். அமெரிக்காவில் ஆர்மீனியர்கள் நிறைந்த க்ளெண்டேலில் லமஜூனுக்காகச் சண்டை போட ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. அடுப்புச் சூட்டில் முகத்தின் ஒரு பக்கம் சிவந்திருந்தது. வெளியே பொழுது விடியத் தொடங்கியிருந்தது.

கடை முதலாளி ஹருத் உள்ளே வந்து சாவிக்கொத்தை மேஜைமேல் போட்டான்.

"ஷூஷான் ஜான், கையைத் துடைச்சுக்கிட்டு இப்படி வா."

'ஜான்' என்று கொஞ்சிக் கூப்பிட்டுக் கையைத் துடைக்கச் சொன்னால் நல்ல சேதியாக இருக்காது. மற்ற இரண்டு பெண்களை வேலையை விட்டு நிறுத்தியபோதும் அவன் இப்படித்தான் ஆரம்பித்தான்.

"ராத்திரி வேலையை நிறுத்தப்போறேன். ராத்திரி சரக்கு எடுத்த ஓட்டல்ல பாதி மூடினது மூடினதுதான், திறக்கவே இல்லை. அடுத்த மாசத்துலேருந்து பகல் மட்டும். காலையில எட்டரைக்கு வா, ரெண்டு மணிக்குப் போயிடு."

"பகல்ல அப்பாவை யாரு பார்த்துப்பா?"

"அதான் சென்டரைத் திறக்கறாங்களே. என் மாமியா புது லிப்ஸ்டிக் வாங்கி வச்சுட்டு வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா."

"திறக்கறாங்க. எத்தனை நாள் கொடுப்பாங்கன்னுதான் தெரியலை."

"எனக்கு அஞ்சு நாளும் ஆள் வேணும். ரெண்டு நாள் வந்து மூணு நாள் வராத ஆளை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு."

ஹருத் கெட்டவன் இல்லை. சொல்லி முடித்ததும் அவனுக்கே சங்கடமாகிவிட்டது. சூடான ரொட்டி இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி அவள் பையில் திணித்தான்.

நோய் பரவி ஊரடங்கு வருவதற்கு முன்னால் அவளுடைய அப்பா மிஸாக் வாரத்தில் ஐந்து நாளும் முதியோர் பகல் மையத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தார். வேன் வந்து அழைத்துப் போகும். அங்கே நர்ஸ் உண்டு, உடற்பயிற்சி உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, பகடை உருட்டி நார்டி ஆடச் சகாக்கள் உண்டு. பிறகு மையத்தைப் பூட்டினார்கள். வாரத்துக்கு ஒருமுறை அங்கிருந்து ஒரு பெண் போன் செய்தாள். வேன் ஓட்டும் வாகே சாப்பாட்டுப் பெட்டியைக் கதவருகில் வைத்துவிட்டுப் போனான். திரையில் ஒருத்தி கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்றாள். மிஸாக் அவள் சத்தத்தை அணைத்துவிட்டுச் செய்தி பார்த்தார். பகலில் அவருடன் இருக்க வேண்டுமென்று ஷூஷான் ராத்திரி வேலைக்கு மாறினாள். அவர் தூங்கும் நேரத்தில் அவள் மாவு பிசைந்தாள். அவர் விழித்திருக்கும் நேரத்தில் அவளும் விழித்திருந்தாள். இடையில் எப்போது தூங்கினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அந்த இரண்டரை வருஷத்தில் மிஸாக்கின் கால்கள் கெட்டுப்போயின. ஆனால் போனில் யார் கேட்டாலும் அவர் பதில் ஒன்றுதான். நல்லா இருக்கேன், ரொம்ப நல்லா இருக்கேன், நீ எப்படிம்மா இருக்கே, உன் குழந்தைங்க சௌக்கியமா. அந்தப் பெண்ணும் அதை அப்படியே பதிந்துகொண்டாள். இப்போது போன் ஏற்பாட்டை அரசாங்கம் முடித்துக்கொண்டது, எல்லோரும் நேரில் வரவேண்டும் என்றது. அதற்கு முன் காப்பீட்டிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்து, யாருக்கு எத்தனை நாள் என்று முடிவு செய்வாள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு இரண்டு நாள்தான் என்று மையத்தில் முன்பே சொல்லிவிட்டார்கள்.

நர்ஸ் வருவதற்கு முந்தின சாயங்காலம் ஷூஷான் அப்பாவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அவங்ககிட்ட உள்ளது உள்ளபடி சொல்லணும்பா."

"எதை?"

"கால் எழும்பலைன்னு சொல்லணும். குளிப்பாட்ட ஆள் வேணும்னு சொல்லணும். குளிக்கற இடத்துல விழுந்ததைச் சொல்லணும். ராத்திரி படுக்கை நனையறதையும் சொல்லணும்."

மிஸாக் டிவியை அணைத்தார். எண்பத்திரண்டு வயது. ஆர்மீனியாவில், கியூம்ரி நகரத்தில் முப்பது வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்தவர். குரல் மட்டும் இன்னும் சாரத்தின் மேல்தட்டில் நிற்பவனைக் கூப்பிடுகிற குரல்தான்.

"ஒரு பொம்பளைப் பிள்ளை நம்ம வீட்டுக்கு முதல் தடவையா வருது. அதை உட்கார வச்சு, கையில காப்பியைக் கொடுத்து, அம்மாடி, நான் படுக்கையை நனைக்கறேன்னு சொல்லணுமா? உங்கம்மா இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பா."

"அம்மா இருந்திருந்தா எனக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. என் வேலை போயிடும்பா. ஆள் வச்சா என் கூலி மொத்தமும் அந்த ஆளுக்கே போயிடும்."

"போகாது. நான் பேசிக்கறேன். மாஸ்கோவுலேருந்து வந்த இன்ஜினியர்களையே பேசி மடக்கினவன் நான்."

அவளுடைய பயமே அதுதான்.

மறுநாள் காலை அவள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது மிஸாக் கோட்டு போட்டு, டை கட்டி, தானே சவரம் செய்துகொண்டு மேஜைமுன் உட்கார்ந்திருந்தார். மோவாயில் இரண்டு இடத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியிருந்தது. பிடித்து நடக்கிற வாக்கரை ஆள் கண்ணில் படாமல் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். உலர்ந்த ஆப்ரிகாட் பழம், வால்நட், வெட்டி அடுக்கிய காத்தா என்கிற இனிப்பு ரொட்டி எல்லாம் மேஜையில் வந்திருந்தன. இத்தனையையும் செய்ய அவருக்கு எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

நர்ஸின் பெயர் நாசெலி. முப்பது, முப்பத்தைந்து இருக்கும். அவளும் ஆர்மீனியப் பெண்தான், வனாட்ஸோர் ஊர்க்காரி. போகிற வீடுகளில் எதையும் சாப்பிடக் கூடாதென்று அவள் வேலையில் விதி உண்டு. மிஸாக் சுவரையும் அலமாரியையும் பிடித்துப் பிடித்து அடுப்படிக்குப் போய், தன் கையாலேயே காப்பி கொதிக்கவைத்தார். பாதித் தளும்பிய கோப்பையை ஷூஷான் வாங்கிவந்து வைத்தாள். நாசெலி விதியை மறந்து ஒரு வாய் குடித்தாள்.

"நம்ம ஊர்க் கை மணம் அப்படியே இருக்கு ஐயா."

"எல்லாமே அப்படியேதான் இருக்கும்மா," என்றார் மிஸாக், வந்து நாற்காலியில் விழுந்தபடி.

நாசெலி மடியில் பலகைக் கணினியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"நடக்கறதெல்லாம் எப்படி?"

"இப்பத்தான் பார்த்தியே."

"யாரு குளிப்பாட்டறாங்க?"

"தண்ணிதான்."

"சமீபத்துல எங்கேயாவது கீழ விழுந்தீங்களா?"

"நானா? எண்பத்தெட்டாம் வருஷத்துப் பூகம்பத்துல எங்க ஊரே விழுந்துச்சு. நான் நின்னேன்."

நாசெலி சிரித்துவிட்டாள். ஷூஷானுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அப்பா, போன மாசம் குளிக்கற இடத்துல..."

மிஸாக் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை. அதுவாக இருந்தால் அவள் தொடர்ந்து பேசியிருப்பாள். கெஞ்சுகிற பார்வை. அவளுடைய வாய் மூடிக்கொண்டது. வேலை போனால் போகட்டும், இந்த மனிதரைக் கோட்டும் டையுமாக உட்காரவைத்து ஒரு அன்னியப் பெண் முன்னால் அவிழ்த்துக் காட்ட என்னால் ஆகாது என்று நினைத்தாள். அடுத்த நிமிஷமே வாடகை நினைவுக்கு வந்தது.

நாசெலி கணினியை மூடிப் பையில் போட்டாள்.

"நல்லாத்தான் இருக்கீங்க ஐயா. சந்தோஷம். நான் கிளம்பறேன்."

அவள் எழுந்தாள். ஷூஷானும் எழுந்தாள். மிஸாக் எழ வேண்டும். அந்த வீட்டில் மின்சாரக் கணக்கெடுக்க வந்தவனைக் கூட அவர் எழுந்து வாசல் வரை போய் வழியனுப்பாமல் விட்டதில்லை. விருந்தாளி நிற்கும்போது உட்கார்ந்திருக்கிற ஆண் அவர் ஊரில் ஒன்று செத்திருக்க வேண்டும், அல்லது மரியாதை தெரியாதவனாக இருக்க வேண்டும்.

இரண்டு கையையும் மேஜை விளிம்பில் ஊன்றினார். மேஜைவிரிப்பு நழுவி, கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்தன. நாலு விரற்கடை எழும்பினார், உட்கார்ந்துவிட்டார். மறுபடி ஊன்றினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஷூஷான் ஓரடி முன்னால் வந்தாள். அவர் கையைத் தூக்கித் தடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா. பேசிக்கிட்டே இருந்ததுல கால் மரத்துப்போச்சு."

நாசெலி தோளில் பையுடன் கதவருகே நின்றாள். கையசைத்துவிட்டுப் போயிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். அவள் போகவில்லை. அவர் எழுந்து வருவார் என்று நின்றாள், வரமாட்டார் என்று புரிந்த பிறகும் நின்றாள்.

"மன்னிச்சுக்கோம்மா," என்றார் மிஸாக் கடைசியில். சாரத்துக் குரல் இல்லை அது. "இன்னிக்கு உன்னை இங்கேருந்துதான் வழியனுப்பணும்போல இருக்கு."

நாசெலி திரும்பி வந்து, எதிர் நாற்காலியை விட்டு அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கணினியை எடுத்தாள்.

"எவ்வளவு நாளா ஐயா?"

"போன குளிர்காலத்துலேருந்து."

"குளிக்கறது?"

"மகதான்."

ஷூஷான் அடுப்படிக்குப் போய்க் குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள். மீதிப் பதில்கள் தன் காதில் விழக் கூடாது, அவை விழவில்லை என்று அவருக்கும் தெரிய வேண்டும். கழுவின கோப்பையையே மறுபடி மறுபடி கழுவினாள். மனசு லேசாகிவிட்டது. லேசானதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

வெளி கேட் வரை அவள்தான் நாசெலியை வழியனுப்பினாள்.

"அஞ்சு நாள் எழுதியிருக்கேன் அக்கா. ஒத்துக்குவாங்க, கவலைப்படாதீங்க."

ஷூஷான் அவளைக் கட்டிக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்றவளின் பையில் காத்தா ரொட்டி அத்தனையையும் திணித்தாள். நாசெலி காரின் கதவைத் திறந்துவிட்டுத் தயங்கினாள்.

"ஆறு மாசத்துக்கு ஒருதரம் திரும்பப் பார்ப்பாங்க. நானும் வரலாம், வேற யாராவதும் வரலாம். நல்லா நடக்கறார்னு தெரிஞ்சா நாளைக் குறைச்சுடுவாங்க. போன வாரம் ஒரு வீட்ல அப்படித்தான் ஆச்சு. சொல்லி வைக்கறேன், அவ்வளவுதான்."

அன்றைக்கு ஷூஷான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உள்ளே வந்து, கோட்டைக் கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்த அப்பாவின் மோவாயிலிருந்து காகிதத் துணுக்குகளை எடுத்தாள்.

அடுத்த மாதம் முதல் நாள் காலை வேன் வந்து நின்றது. வாகே கீழே குதித்து, பின்கதவைத் திறந்து, சக்கர நாற்காலி ஏற்றும் தட்டை இறக்கினான்.

"மிஸாக் ஐயா, ரெண்டரை வருஷமா உங்க கதவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். மூஞ்சியே மறந்துபோச்சு."

"நீ வச்சுட்டுப் போன கோழியை நான் மறக்கலைடா. எந்தச் சண்டையில செத்த கோழி அது?"

"அதையும் தின்னுட்டுத்தானே உசிரோட இருக்கீங்க."

வேனுக்குள் இருந்த கிழவிகள் சிரித்தார்கள். புது லிப்ஸ்டிக் போட்ட ஒருத்தி நகர்ந்து இடம்விட்டாள். சில இருக்கைகளில் இனி யாரும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தட்டு மிஸாக்கை மெல்ல மேலே தூக்கியது. அவர் தொப்பியைக் கழற்றி மகளுக்கு ஆட்டினார்.

ஷூஷான் எட்டரைக்குக் கடைக்குப் போனாள், இரண்டுக்குத் திரும்பினாள். ராத்திரி படுத்தாள், காலையில்தான் கண் திறந்தாள். உலகத்தில் மற்றவர்கள் இவ்வளவு காலமும் இப்படித்தான் தூங்கிக்கொண்டிருந்தார்களா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஹருத்துக்கும் நிம்மதி. இப்பத்தான் உன் மூஞ்சி மனுஷ மூஞ்சியா இருக்கு என்று ஒருநாள் சொன்னான், அவளுக்கு அதுவும் பாராட்டாகத்தான் பட்டது.

மிஸாக் தினமும் ஏதாவது கதையோடு வந்தார். நார்டியில் யாரோ பகடையை விரலால் புரட்டுகிறான். உடற்பயிற்சிக்காரப் பெண் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிறுத்தி உயிரை எடுக்கிறாள், ராட்சசி, ஆனால் தங்கமான பெண். குளிர்காலம் போனது. படுக்கை நனைவது குறைந்தது. குளிக்கும் இடத்தில் ஒரு கையை மட்டும் பிடித்தால் போதும் என்று ஆனது.

மார்ச்சில், நாசெலி சொன்ன ஆறு மாசம் நிறையும் சமயத்தில், ஒரு மதியம் வேன் வந்தபோது ஷூஷான் நடைபாதையில் நின்றிருந்தாள். வாகே தட்டை இறக்கப் போனான். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, மிஸாக் முன்கதவின் கம்பியைப் பிடித்துப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். வாகே வாக்கரை அவர் முன்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான். மிஸாக் வாக்கரை ஒதுக்கித் தள்ளினார். எதையும் பிடிக்காமல், முதுகு நிமிர்ந்து, மார்பில் கையை வைத்து, வேன் தெருமுனை திரும்பும்வரை நின்று வழியனுப்பினார்.

"பார்த்தியா?" என்றார்.

ஷூஷானுக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. ஆனால் அவள் கண்கள் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்தன. எதிர்ச்சாரியில் ஒரு கார் நின்றிருந்தது. அதனுள் யாரோ ஒரு பெண் குனிந்து பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சுக்கோங்கப்பா."

"எதுக்கு? நான்தான் நிக்கறேனே."

"கொஞ்சம் பிடிச்சுக்கோங்க," என்று தணிந்த குரலில் சொல்லி, வாக்கரை இழுத்து அவர் கைகளுக்குக் கீழே வைத்தாள்.